இழப்புக்குப் பின் வந்த சட்டங்கள்: நிறுவனக் கணக்கு வெளிப்படையான வரலாறு

“சார், கம்பெனி கணக்கை எல்லாருக்கும் காட்டணும்னு ஏன் சார் சட்டம் போட்டாங்க?” படிவம் 5இல் கணக்கியல் எடுக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டது. சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சொன்னேன். அவருக்குத் திருப்தி இல்லை. ‘ஏன்’ என்பதை விளக்க, பணத்தை இழந்தவர்களின் கதைக்குப் போக வேண்டியிருந்தது. பிரிட்டனில் நடந்த இரண்டு நிகழ்வுகளைப் பார்ப்போம்.

1. கிளாஸ்கோ வங்கி, 1878

ஸ்காட்லாந்தின் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி 1878 அக்டோபரில் கதவை மூடியது. சில மாதங்களுக்கு முன்புதான் 12 விழுக்காடு இலாப ஈவு அறிவித்திருந்தது! உண்மையில், வசூலாகாத கடன்களை நல்ல கடன்களாகவும், கையில் இல்லாத தங்கத்தை இருப்பதாகவும் கணக்கில் எழுதியிருந்தார்கள். வெளியிலிருந்து யாரும் வந்து கணக்கைத் தணிக்கை செய்யவில்லை.

பங்குதாரர்களின் பொறுப்புக்கு அன்று வரம்பு கிடையாது. வங்கியின் கடனை அவர்களே சொந்தச் சொத்தை விற்று அடைக்க வேண்டியதாயிற்று. சுமார் 1,800 பேரில் பெரும்பாலோர் நொடித்துப் போனார்கள். இயக்குநர்கள் சிறைக்குப் போனார்கள். போன பணம் போனதுதான்.

அடுத்த ஆண்டே புதிய சட்டம் வந்தது. 1879 நிறுவனச் சட்டத்தின்படி, வரையறுக்கப்பட்ட பொறுப்புடன் புதிதாகப் பதிவாகும் வங்கிகளுக்கு ஆண்டுத் தணிக்கை கட்டாயமானது. மற்ற நிறுவனங்களுக்கு அது 1900இல்தான் வந்தது.

2. ராயல் மெயில் கப்பல் நிறுவனம், 1931

தணிக்கை இருந்தால் மட்டும் போதுமா? முதல் உலகப் போருக்குப் பிறகு கப்பல் தொழில் படுத்துவிட்டது. ராயல் மெயில் நிறுவனமோ, போர்க்காலத்தில் சேர்த்து வைத்த காப்பு நிதியைச் சத்தமில்லாமல் எடுத்து, இலாபம் வருவதுபோல் காட்டியது. 1926ஆம் ஆண்டுக் கணக்கில் ‘வரிக் காப்பு நிதிச் சரிக்கட்டல்’ என்ற பொருளில் சில சொற்கள்தான் இருந்தன. எவ்வளவு எடுத்தார்கள் என்பது இல்லை.

1931இல் வழக்கு நடந்தது. கணக்கு தொடர்பான குற்றச்சாட்டில் தலைவர் கில்சன்ட் பிரபுவும் தணிக்கையாளரும் விடுதலையானார்கள். அன்றைய சட்டத்தில் அவ்வளவு இடம் இருந்தது! முதலீட்டாளர்களுக்குத் தந்த 1928 அறிவிப்பேடு பொய் என்பதற்காக மட்டும் கில்சன்ட்டுக்கு 12 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அந்த ஓட்டையை 1948 நிறுவனச் சட்டம் அடைத்தது. காப்பு நிதியில் போட்டதையும் எடுத்ததையும் தனியே காட்ட வேண்டும் என்றானது.

நமக்கும் தொடர்பு உண்டு. மலேசியாவின் 1965 நிறுவனச் சட்டம் இந்த பிரிட்டிஷ் சட்டத்தையும் ஆஸ்திரேலியச் சட்டத்தையும் ஒட்டி எழுதப்பட்டது. சிங்கப்பூரின் 1967 சட்டம் மலேசியச் சட்டத்தைப் பின்பற்றியது.

மாணவர்களுக்கு: தேர்வில் ஆண்டுகளை வரிசையாக அடுக்கினால் மட்டும் முழு விடை ஆகாது. ஒவ்வொரு சட்டத்துக்கும் ‘எது மறைக்கப்பட்டது? யார் இழந்தார்கள்? எந்த விதி வந்தது?’ என மூன்று கேள்விகள் கேளுங்கள். விடைகளை இணைத்தால் காரணமும் விளைவும் தானாக வந்துவிடும்.