கடல் கடந்த கொங்கு முன்னோரைத் தேடுதல்

கோயம்புத்தூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பிழைப்பு நாடிச் சென்று, அங்கேயே வேரூன்றி, 1942-க்கும் 1945-க்கும் இடையில் இந்திய சுதந்திர லீக்குக்கோ இந்திய தேசிய ராணுவத்துக்கோ உடலாலோ பொருளாலோ துணைநின்ற முன்னோர் ஒருவரின் சரித்திரத்தை, குடும்ப ஞாபகத்தையும் அரசாங்க ஏடுகளையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்கி மீட்டெடுக்கும் முயற்சி இத்தலைப்பின்கீழ் விவரிக்கப்படுகிறது.

கடலே காணாத கொங்கு நாட்டைக் கடலோடு இணைத்தது இருப்புப்பாதை. நாகப்பட்டினத்திலிருந்து திருச்சி, கரூர் வழியாக ஈரோட்டை எட்டும் ரயில் 1860-களிலேயே அமைந்துவிட்டபடியால், மழை பொய்த்த வருஷத்தில் ஈரோட்டில் வண்டியேறிய குடியானவனுக்கு அப்பாதையின் மறுமுனையில் பினாங்குக் கப்பல் காத்திருந்தது. மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிந்தபின் கங்காணி முறை ஓங்கிற்று; தோட்டத்தாரின் நம்பிக்கைக்குப் பாத்திரமான ஒருவன் லைசென்ஸுடன் சொந்த ஊருக்கு வந்து, உற்றாரையும் அக்கம்பக்கத்தாரையும் திரட்டி, கிராம முன்சீப்பின் கையெழுத்தைப் பெற்று அழைத்துச் சென்றான். தோட்டக் கூலிகளைச் செலவு கொடுத்துக் கப்பலேற்றும் வழக்கத்தை இந்திய அரசாங்கம் 1938-இல் தடுக்கும்வரை இது நீடித்தது. இதனால் ஒரே தோட்டத்து லயங்களில் ஒரே ஊரார் கூடி வாழ நேர்ந்தது தேடுபவருக்குப் பேருதவியாகும்; பூட்டனின் பெயர் எங்கும் அகப்படாவிடில், அவரை அழைத்துச் சென்ற கங்காணி எந்த ஊரான் என்று விசாரிப்பதே உசிதமான முதற்படி.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சென்ற ஒப்பந்தக் கூலிகளுக்கு, எண், பெயர், தந்தை பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவற்றோடு உடம்பிலுள்ள தழும்பும் மச்சமும் உட்பட வரிசை வரிசையாக எழுதிய கப்பல் பட்டியல்கள் உள்ளன. கங்காணியோடு மலாயா சென்றவர்களுக்கு அத்தகைய ஒழுங்கான தொகுதி வாய்க்கவில்லை. கிடைக்கும் துண்டுக் காகிதங்களிலும் ஊர்ப்பெயர் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். மேட்டுப்பாளையமே பழைய ஆங்கில ஏடுகளில் ‘மெட்டபோலியம்’ என்று உருமாறியிருக்கும்போது, தாராபுரத்துப் பக்கத்துச் சிறு வலசு ஒன்றின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஜில்லா எல்லைகளும் நிலையாக இருந்தனவல்ல: கரூர் 1910 வரை கோயம்புத்தூரைச் சேர்ந்திருந்தது, ஈரோடு 1979-இல் தனி மாவட்டமாயிற்று. இன்றைய கரூர்க்காரர் தம் பூட்டனைப் பழைய கோயம்புத்தூர் ஏடுகளில் தேடவேண்டிவரும். பேரனுக்குப் பாட்டன் பெயரிடும் வழக்கத்தால் ஒரே ஊரில் ஒரே பெயரினர் பலர் இருப்பராதலின், குலத்தின் பெயரும் காணிக் கோயிலின் பெயரும், அப்பாரு வழியா அப்பிச்சி வழியா என்ற விவரமும் ஆளை ஐயமறப் பிரித்தறிய உதவுகின்றன.

சிங்கப்பூர் 15-2-1942-இல் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. நேதாஜி 1943 ஜூலையில் அங்கு வந்து, 4-ஆம் தேதி லீக்கின் தலைமையை ஏற்று, அக்டோபர் 21-இல் சுதந்திர இந்திய சர்க்காரைப் பிரகடனம் செய்தார். அதுவரை பெரும்பாலும் சரணடைந்த சிப்பாய்களைக் கொண்டிருந்த ராணுவத்தில், விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் திரளாகச் சேர்ந்தனர். அவர்களின் மகளிர் சிலர் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தனர். வேறு பலர் கழுத்திலும் காதிலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தனர். தோட்டத்துப் பெண்ணுக்கு நகை என்பது பல வருஷக் கூலியின் மிச்சம் என்பதையும், ஊர் திரும்பும் நாளுக்கென்று முடிந்துவைத்த ஒரே சேமிப்பு அதுவே என்பதையும் எண்ணிப் பார்த்தால், அக்கொடை போர்முனைத் தியாகத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று என்பதே நமது அபிப்பிராயம். அமெரிக்கப் புரட்சியில் பங்குகொண்டோரின் சந்ததிப் பெண்டிர் 1890-இல் நிறுவிய சங்கம், போரிட்டவரை மட்டுமன்றி, படைக்குத் தானியமும் பண்டங்களும் தந்து உதவிய குடியேறிகளையும் புரட்சிக்குத் துணைநின்ற முன்னோராக ஏற்றுக்கொள்கிறது. தோட்டத்து மக்களின் கொடையையும் அவ்வாறு ஏற்றுப் பதியும் ஓர் ஏடு இருந்திருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ‘யுத்தத்தில் போனவர் திரும்பவில்லை’ என்று குடும்பத்தில் வழங்கும் வாக்கியம் ராணுவத்தை மட்டும் குறிப்பதன்று. அதே காலத்தில் ஜப்பானியர் மலாயாத் தமிழரை ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோயினர்; 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் காலராவும் பட்டினியும் கொன்றவர்களுக்குச் சமாதிகூட இல்லை. அந்த மரண ரயிலுக்குத் தப்புவதற்காகவே ராணுவத்தில் பெயர் கொடுத்தவர்களும் உண்டு. சயாமில் மாண்டவரை வீரராக்கிக் காட்டும் ஆசை இயல்பானதே. எனினும் அவருக்கு நேர்ந்த கொடுமையை உள்ளபடி எழுதுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

ராணுவத்தார்க்குச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டி எழுப்பிய நினைவுச் சின்னத்தை, திரும்பி வந்த ஆங்கிலேயர் சில வாரங்களிலேயே வெடிவைத்துத் தகர்த்தனர். பிடிபட்டோரை விசாரித்து, தங்கள்பால் அவர்கள் கொண்ட விசுவாசத்தின் அளவுப்படி கறுப்பர், சாம்பலர், வெள்ளையர் என்று ஆங்கிலேயர் தரம் பிரித்தனர். எஞ்சியுள்ள ஆவணங்களில் பல டில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மாகாண அரசாங்கத்தின் குடியேற்றக் கோப்புகளைப் பார்க்கலாம்.

ஊர் திரும்பியோர் விஷயத்தில் மிகுந்த பயன் தருவது தியாகிகள் பென்ஷன் கோப்பு. சுதந்திர வெள்ளிவிழாவை ஒட்டி 15-8-1972-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில், சிறைப் பதிவு கிடைக்காதபோது உடன் சிறையிருந்தவர் அளிக்கும் சான்றும் ஆதாரமாக ஏற்கப்பட்டது. அத்தகைய சான்றிதழில் மனுதாரரோடு சான்றளித்தவரின் பெயரும் ஊரும் இடம்பெறுமாதலால், தம் முன்னோர் பெயரில் கோப்பு ஏதும் இல்லையென்று கலெக்டர் அலுவலகத்தில் கைவிரிக்கப்பட்ட குடும்பத்தார், அவரோடு கப்பலேறிய அடுத்த ஊர்க்காரரின் கோப்பைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.