நெல் மண்டியும் டவர் சர்வரும்

செஞ்சிக் கோட்டைக்கு வடமேற்கே, மேல்மலையனூர் வட்டத்தில் அமைந்த அவலூர்பேட்டை, நெல்லும், வட்டாரத்தில் மணிலா என்று வழங்கும் நிலக்கடலையும் விலைபேசப்படும் ஊராகும். அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் போன்ற அமைப்புகளுக்குச் சென்னை மாகாணத்தில் 1933ஆம் ஆண்டின் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் அடிகோலியது. மூட்டையின் எடையும் கேட்கப்பட்ட விலையும் வாங்குபவரின் சொந்தக் கணக்கில் மட்டும் அடங்கிவிடாமல் பலரும் பார்க்கும் வண்ணம் பதிவாக வேண்டும் என்ற எண்ணம் இவ்வூர்களில் வேரூன்றிய பின்னணியும் அதுவே. இத்தகைய சந்தையூர்களின் அரிசி ஆலைக்கும் நகைக்கடைக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் சர்வர் வந்து சேர்ந்ததை வேகத்தின் வரலாறாக எழுதுவது வழக்கம். ஆனால் எழுதிய கணக்கு அழியாமல் இருக்கவும் வேலை நிற்காமல் நடக்கவும் எடுக்கப்பட்ட முயற்சியாகக் காண்பதே அதற்குப் பொருத்தமானது.

சர்வர் என்பது பல கணினிகள் ஒரே நேரத்தில் கேட்கும் கோப்புகளை ஓரிடத்தில் வைத்துப் பகிர்ந்தளிக்கும் பொறி. அமெரிக்காவின் நோவெல் நிறுவனம் 1983 முதல் வெளியிட்ட நெட்வேர் மென்பொருள், சிறு அலுவலகங்களிலும் இம்முறையைப் பரப்பியது. பெங்களூரில் 1986இல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனத்தின் டேலி மென்பொருள் பின்னர் இந்தியக் கடைகளின் கணக்கேடாகவே மாறியபோது, பில் போடுபவரும் இருப்பு பார்ப்பவரும் முதலாளியும் ஒரே கணக்கைத் திறக்க வேண்டியதாயிற்று. அக்காலத்து வலையமைப்பில் ஒற்றைக் கம்பிவடம் ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தொடர்ச்சியாக ஓடியதால், ஒரு மேசைக்கடியில் இணைப்பு தளர்ந்தாலும் அனைத்துக் கணினிகளும் நின்றுவிடும். பழுது பார்ப்பவரின் முதல் வேலை இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பதாகவே இருந்தது.

சிறு நிறுவனங்கள் பலவும் மேசைக்கணினி ஒன்றையே சர்வராக வைத்துக்கொண்டன என்றாலும், அதற்கெனவே வடிவமைக்கப்பட்ட பொறி 1989இல் காம்பேக் நிறுவனத்தின் சிஸ்டம்ப்ரோவோடு தனி வகையாயிற்று. இரண்டு செயலிகளையும் பல வட்டுகளையும் ஏற்கக்கூடிய அப்பெட்டி, தனிக் குளிரறையோ இரும்புச் சட்டகமோ இல்லாத அலுவலகத்தில் தரையில் நிமிர்ந்து நின்றது. டவர் என்னும் இவ்வடிவமே இன்றுவரை சிறு வணிகத்துக்குரியதாக நீடிக்கிறது. அதற்கு ஓராண்டு முன்னர், 1988இல், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் மலிவான பல வட்டுகளைச் சேர்த்து விலையுயர்ந்த ஒரு வட்டைவிட நம்பகமானதாக்கும் ரெய்டு என்ற முறையை விளக்கியிருந்தனர். அதன் ஒரு வகையில் ஒரே தரவு இரு வட்டுகளில் இரட்டையாக எழுதப்படும். இன்னொரு வகையில் நான்கு வட்டுகளில் மூன்றின் கொள்ளளவே பயன்பாட்டுக்குக் கிடைக்க, எஞ்சிய ஒன்றின் அளவு சரிபார்ப்பு எண்களுக்காக நான்கிலும் பரவலாக ஒதுக்கப்படும். எந்த ஒன்று கெட்டாலும் மற்ற மூன்றிலிருந்து அதன் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு மீட்கலாம். நினைவகத்திலும் இதே கவலை செயல்படுகிறது. 1950இல் பெல் ஆய்வகத்தின் ரிச்சர்டு ஹாமிங் வெளியிட்ட பிழைதிருத்தக் குறியீட்டின் வழிவந்த முறையில், 64 பிட்டுகளுக்கு 8 பிட்டுகள் கூடுதலாக வைக்கப்பட, ஒரு பிட் தானாக மாறினால் அது திருத்தப்படும், இரண்டு மாறினால் கண்டறியப்படும். விற்பனைப் பட்டியலில் ஒரு பூச்சியம் கூடிவிடாதிருக்க இப்படியொரு காவல் இருப்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. விலை ஏன் கூடுகிறது என்று அவர் கேட்பதில் நியாயம் உண்டு, விளக்க வேண்டிய கடமை விற்பவருடையது.

இவ்வளவு காவலும் சந்தையூரில் மின்சாரத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. 2008ஐ ஒட்டித் தொடங்கி 2012இல் உச்சத்தை எட்டிய மின்பற்றாக்குறையின்போது, சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாளின் பெரும்பகுதி மின்சாரம் இல்லாமற் போக, யு.பி.எஸ். என்னும் தடையிலா மின்வழங்கி சர்வரின் பிரிக்க முடியாத உறுப்பாயிற்று. வட்டுக் கட்டுப்பாட்டு அட்டை, எழுத வேண்டியதைச் சிறிது நேரம் தன் நினைவகத்தில் தாங்கி வைத்திருக்கும். அவ்வட்டையின் சிறு மின்கலம் தேய்ந்திருந்தால், திடீரென மின்சாரம் நின்ற கணத்தில் தாங்கியிருந்த கணக்கு தொலைந்துபோகக்கூடும். எனவே யு.பி.எஸ். மின்கலங்களுக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவதும், உப்பும் கரியும் இட்ட குழியில் எர்த் கம்பியைச் சரிவரப் புதைப்பதும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான மின்னழுத்தம் கூடாமல் அளந்து பார்ப்பதும் சர்வர் பராமரிப்பின் பகுதிகளாயின. அரிசி ஆலையில் இவற்றோடு தவிட்டுத் தூசியும் சேர்ந்துகொண்டது. விசிறியிலும் செயலியின் வெப்பத்தை வாங்கும் உலோகத் தகடுகளிலும் படியும் அத்தூசி காற்றை அடைக்க, பொறி சூடேறித் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அதை மென்பொருள் கோளாறு எனக் கருதி எல்லாவற்றையும் அழித்து மீண்டும் நிறுவுபவர் வீணாக உழைப்பதோடு தரவையும் ஆபத்துக்குள்ளாக்குகிறார்.

இத்தொழிலுக்கு வேண்டிய பொருள்களும் ஆட்களும் பெருநகரங்களிலிருந்தே வந்தன. சென்னை ரிச்சி தெரு புதிய உதிரிகளுக்கும் பழையவற்றுக்கும் சந்தையாயிற்று; புதுச்சேரியில் எச்.சி.எல். நிறுவனத்தின் ஆலையும், ஸ்ரீபெரும்புதூரில் 2007இல் டெல் திறந்த ஆலையும் கணினி உற்பத்தியையே அருகில் கொண்டுவந்தன. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின்படி வருபவரிடம் எதிர்பார்க்கப்பட்ட திறன், திருகாணி கழற்றுவதைவிட அடையாளம் காண்பதிலேயே அடங்கியிருந்தது. ஒரு வட்டு பழுதாகி அதன் விளக்கு செம்மஞ்சளாக எரியும்போது, பொறியை நிறுத்தாமலேயே அதை உருவிப் புதியதைச் செருகலாம். ஆனால் அவசரத்தில் நலமாக ஓடும் பக்கத்து வட்டை உருவிவிட்டால், ஓர் இழப்பை மட்டுமே தாங்கும் அமைப்பு குலைந்துவிடும். புதிய வட்டில் தரவு மீண்டும் நிரம்பும் பல மணிநேரமும் மற்ற வட்டுகள் ஓயாமல் படிக்கப்படுவதால், ஒரே நாளில் வாங்கிய அவற்றுள் இன்னொன்று அப்போது சாய்வதற்கும் வாய்ப்புண்டு. ரெய்டு இருக்கிறதே என்று தனிப் படியெடுத்து வைக்காத அலுவலகங்களே பெரிதும் இழந்தன. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பை ரெய்டு எல்லா வட்டுகளிலும் உடனே அழித்துவிடும்.

அடுத்து வந்த மாற்றம் பெட்டியையே ஊரிலிருந்து அகற்ற முனைந்தது. வில்லங்கச் சான்று முதலியவற்றைக் கணினிமயமாக்கிய தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் ஸ்டார் திட்டம், 2018இல் இணையவழி மைய அமைப்பாக மாறியது. வேளாண் சந்தைகளை இணைக்கும் இ-நாம் 2016 ஏப்ரல் 14இல் தொடங்கியது. 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவற்றின் கணக்கு தொலைவிலுள்ள தரவு மையங்களில் தங்குகிறது. தனியார் கடைகளிலோ இணையம் அறுந்த வேளையிலும் பில் போட வேண்டிய தேவை டவர் சர்வரை இன்னும் காத்து நிற்கிறது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம் வேறொரு காரணத்தையும் சேர்த்தது: ஆண்டறிக்கைக்குரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்குகள் பாதுகாக்கப்பட வேண்டும். பழைய சர்வரின் வட்டுகளைப் பெரும்பாலும் அதே வகைக் கட்டுப்பாட்டு அட்டையே படிக்கும் என்பதால், பொறியை எடைக்குப் போடுவதற்கு முன் அதிலுள்ள கணக்கைப் புதியதற்கு மாற்றி, மாற்றியதைத் திறந்து சரிபார்த்து, அதுவரை அவ்வட்டையைக் கழித்துவிடாமல் வைத்திருப்பது பராமரிப்பவரின் பொறுப்பாகியுள்ளது.