எழுத்துக்கூட்டலும் ஒலிப்பும்: வங்க மொழியின் 1936 விதிகள்

எழுத்துக்கூட்டல் ஒலிப்பை அப்படியே பின்பற்ற வேண்டுமா என்னும் வினா இந்திய மொழிகள் பலவற்றில் எழுந்துள்ளது. அவற்றுள் வங்க மொழி தனித்து ஆராயத்தக்கது. அங்கு எழுத்துக்கும் ஒலிப்புக்கும் உள்ள இடைவெளி பெரிது. அதனைக் குறைக்க முயன்ற வரலாறும் தெளிவானது.

வங்க நெடுங்கணக்கில் ஶ, ஷ, ஸ என மூன்று எழுத்துகள் உள்ளன. தனித்து வருமிடத்து இவை பெரும்பாலும் ஒரே ஒலியினவே. ணகர நகரங்களும், இகர ஈகாரங்களும், உகர ஊகாரங்களும் பேச்சில் வேறுபாடு இழந்துவிட்டன. ‘ஸத்ய’ என்று எழுதப்படுவது ஏறத்தாழ ‘ஷொத்தோ’ என்றும், ‘லக்ஷ்மீ’ என்பது ‘லொக்கி’ என்றும் ஒலிக்கின்றன. வடமொழிச் சொற்கள் எழுத்தில் மூல வடிவத்தைக் காத்துக்கொண்டன. நாவோ தன் வழியே சென்றது.

1914-இல் தோன்றிய ‘சபுஜ் பத்ர’ இதழுக்குப் பின் பேச்சுநடை இலக்கியத்தில் வேரூன்றவே, ஒரே சொல் பலவாறு எழுதப்படும் நிலை மிகுந்தது. இரவீந்திரநாத தாகூரின் தூண்டுதலால் கல்கத்தாப் பல்கலைக்கழகம் இராஜசேகர பாசுவின் தலைமையில் குழுவொன்றை அமைத்தது. அதன் விதிகள் 1936-இல் வெளிவந்தன.

அவ்விதிகள் ஒலிப்பை முழுமையாகப் பின்பற்றவில்லை என்பது கருதத்தக்கது. வடமொழிச் சொற்களில் ரகர மெய்க்குப் பின் மெய்யை இரட்டித்தல் மட்டும் நீக்கப்பட்டது. ‘கர்ம்ம’ என்பது ‘கர்ம’ ஆயிற்று. இவ்விரட்டிப்பைப் பாணினியே கட்டாயமாக்காததால் மரபும் மீறப்படவில்லை. பிற சொற்களில் நகரமே போதும் எனக் கொள்ளப்பட்டது. இதன்படி, காதைக் குறிக்கும் ‘கர்ண’ ணகரம் பெறும். அதன் திரிபாகிய ‘கான்’ நகரம் பெறும். பொன்னைக் குறிக்கும் ‘ஸ்வர்ண’, ‘ஸோனா’ என்பனவும் அவ்வாறே.

இங்குதான் சிக்கல் எழுந்தது. சொல்லின் பிறப்பு எழுத்தில் புலப்பட வேண்டும் என்போர்க்கு இது வேரறுப்பதாகத் தோன்றியது. கணிதப் பேராசிரியர் தேவபிரசாத கோஷ் விதிகளை எதிர்த்தார். 1937-இல் அவருக்கும் தாகூருக்கும் மடல்வழி விவாதம் நிகழ்ந்தது. மற்றொரு குறையும் உண்டு. ஒரு சொல் வடமொழியா, அதன் திரிபா என்று அறிந்த பின்னரே மாணவன் அதனைப் பிழையின்றி எழுத முடியும். எளிமை நாடிய விதி சொல்வரலாற்று அறிவை வேண்டி நிற்கிறது.

அங்ஙனமாயின் ஒலிப்பையே முழு அளவுகோலாகக் கொள்ளலாகாதா? யாருடைய ஒலிப்பு என்னும் வினா உடன் எழுகிறது. கல்கத்தாவின் ஒலிப்பும் சிட்டகாங்கின் ஒலிப்பும் ஒன்றல்ல. பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்க அரசு 1949-இல் மொழிக்குழு ஒன்றை அமைத்தது. வங்கத்தை அரபு எழுத்தில் எழுதும் திட்டமும் பேசப்பட்ட காலம் அது. ஆகவே எளிமைப்படுத்தும் எம்முயற்சியும் மொழியின் பழைய இலக்கியத்திலிருந்து மக்களைப் பிரிக்கும் சூழ்ச்சியோ என்று ஐயுறப்பட்டது. அக்குழுவின் தீவிரப் பரிந்துரைகள் நடைமுறைக்கு வரவில்லை.

பின்னர் டாக்காவின் பங்களா அகாதெமி 1992-இலும், மேற்கு வங்க அகாதெமி 1997-இலும் தத்தம் நெறிகளை வெளியிட்டன. இரண்டும் வடமொழிச் சொற்களைப் பெரிதும் தொடாமல், பிற சொற்களில் குறில் வடிவத்தையே முதன்மையாக்கின. நாடு இரண்டாயினும் நெறி ஏறத்தாழ ஒன்றாயிற்று. எல்லைக்கு இருபுறத்தாரும் ஒருவர் நூலை மற்றவர் இடரின்றிப் படிக்க முடிகிறது.

தமிழகத்தில் 1978-இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் ணை, லை, றா போன்றவற்றின் வரிவடிவத்தை மட்டும் மாற்றியது, எழுத்துக்கூட்டலைத் தொடவில்லை. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் வட்டாரங்கள் பல இருப்பினும், அவ்வாறே எழுதலாம் என்று அது கூறவில்லை. பேச்சு இடந்தோறும் வேறுபடும். எழுத்தே அவ்வேறுபாடுகளுக்கு மேல் நின்று இணைப்பது. ஆதலின், யாருக்கும் பொருள் தராத மிகையை நீக்குவதே சீர்திருத்தத்தின் எல்லையாதல் வேண்டும் என்பதே வங்க வரலாற்றால் பெறப்படுவது.