கம்பி வழியே வந்த சமாரியர்

நவம்பர் 2 ஆம் நாள் இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூர்ந்து கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். 1953 ஆம் ஆண்டு அதே நாளில், இலண்டன் மாநகரின் புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தில் ஒரு தொலைபேசி மணி ஒலித்தது. சாவை நாடுகிறவர் அதற்கு முன் ஒருவரிடம் பேசட்டும் என்று வைக்கப்பட்ட தொலைபேசி அது. தொலைவிலிருந்து மனங்களை ஆற்றுப்படுத்தும் பணியின் வரலாற்றில் அந்த மணியோசைக்குத் தனி இடமுண்டு.

அதனை அங்கே வைத்தவர் சாட் வாரா (1911–2007) என்னும் ஆங்கிலிக்கன் குரு. 1935 இல் லிங்கன் நகரில் இளம் உதவிக் குருவாயிருந்தபோது அவர் நடத்திய முதல் அடக்கச் சடங்கு 14 வயதுச் சிறுமி ஒருத்திக்கு உரியது. தனக்கு வந்தது மாதவிடாய் என்று அறியாமல், இழிந்த நோயெனத் தவறாக அஞ்சித் தன்னுயிரை மாய்த்துக்கொண்டவள் அவள். கேட்டுத் தெளிய அவளுக்கு ஒருவரும் இல்லை. இந்த நினைவு வாராவை விடவில்லை. தீ விபத்துக்கும் காவலுக்கும் 1937 முதலே இலண்டனில் 999 என்ற அவசர எண் இருந்தது. வாழ்வே கசந்தவர் எந்த எண்ணை அழைப்பார் என்பதே அவரது கேள்வி. ஆலயத் தொலைபேசியின் மேன்ஷன் ஹவுஸ் 9000 என்ற எண் அதற்கு விடையாயிற்று. செய்தித்தாள் ஒன்று சூட்டிய 'சமாரியர்' என்ற பெயர் நிலைத்தது.

இதனினும் வியப்பானது அடுத்து நிகழ்ந்தது. வாராவைக் காண நேரிலும் பலர் வந்து காத்திருந்தனர். அவர்களுக்குத் தேநீர் கொடுத்து உடனிருக்கப் பொதுநிலையினர் சிலர் முன்வந்தனர். அவர்களோடு பேசியே பலர் மனம் தேறித் திரும்பியதை வாரா கண்டார். 1954 பிப்ரவரியில் அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். செவிகொடுத்தல் குருக்களுக்கும் மருத்துவர்களுக்கும் மட்டும் உரிய வரமன்று என்பதைக் காலத்தோடு உணர்ந்தவர் அவர்.

அதன்பின் இப்பணி பல நாடுகளுக்குப் பரவியது. 1959 இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனம் இருவழித் தொலைக்காட்சி மூலம் குழுச் சிகிச்சை நடத்தியது. கொழும்பில் 1974 இல் சுமித்ரயோ தோன்றியது. சென்னையில் 1986 இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சினேகாவை நிறுவினார். 2022 அக்டோபர் 10 ஆம் நாள் நடுவண் அரசு டெலி மானஸ் சேவையைத் தொடங்கியது. அதன் எண் 14416. இன்று கைப்பேசித் திரையில் ஆற்றுநரின் முகத்தையே காணலாம். எனினும், முகம் தெரியாத குரலிடம் மட்டுமே வாய் திறக்கும் துயரங்களும் உள்ளன. அடுத்த அறையில் வீட்டார் இருக்க, தாழ்ந்த குரலில் பேச நேர்வது இம்முறையின் குறை.

இவ்வரலாற்றை நான் எழுதக் காரணமுண்டு. 2020 ஊரடங்கின்போது ஓரிரவு பங்கைச் சேர்ந்த ஒருவர் அழைத்தார். "சாமி, போனிலேயே பாவசங்கீர்த்தனம் கேட்பீர்களா?" என்றார். கடிதம் வழியாகத் தொலைவிலுள்ள குருவிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறலாம் என்ற கருத்தைத் திருத்தந்தை எட்டாம் கிளமெண்ட் 1602 இலேயே மறுத்ததையும், அருட்சாதனத்திற்கு நேர்முகம் தேவை என்பதையும் விளக்கினேன். குருமடத்தில் கற்றதைப் பிழையறச் சொன்னேன். "சரிங்க சாமி" என்று வைத்துவிட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. என் விடை சரியே. ஆனால் நள்ளிரவில் அழைத்தவர் திருச்சபைச் சட்டம் கேட்கவா அழைத்தார்? பாவமன்னிப்பு கம்பி வழியே செல்லாது, பரிவு செல்லும். இந்த இரண்டையும் நான் ஒன்றாக்கிக் குழப்பிவிட்டேன். விடிந்ததும் நானே அழைத்து, ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னவை இங்கே எழுதுவதற்கில்லை. ஊரடங்கு தளர்ந்தபின் ஒரு சனிக்கிழமை மாலை அவர் ஆலயத்திற்கு வந்தார்.

நல்ல சமாரியர் உவமையில், அடிபட்டுக் கிடந்தவரைக் கண்டு மறுபக்கமாய் விலகிச் சென்றவர்களுள் முதல்வர் ஒரு குரு. அதைப் பலமுறை மறையுரையாற்றியிருக்கிறேன். தொலைபேசியை விரைந்து வைத்துவிடுவதும் அவ்வாறு விலகிச் செல்வதே என்பதை அந்த இரவில்தான் கற்றேன். அன்பர்களே, வேளையற்ற வேளையில் உங்கள் தொலைபேசி ஒலித்தால், அறிவுரையைச் சற்றே நிறுத்திவைத்து முதலில் கேளுங்கள்.