சுப்பீரியர் வாவியின் கதைப்பாடல்

1975 நவம்பர் 10 ஆம் திகதி இரவு, சுப்பீரியர் வாவியில் எழுந்த கடும் புயலில் ‘எட்மண்ட் பிற்ஸ்ஜெரால்ட்’ என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பல் மூழ்கியது. 729 அடி நீளமான அக்கப்பல் ஏறத்தாழ 26,000 தொன் இரும்புத்தாது உருண்டைகளை ஏற்றிச் சென்றது. அதிலிருந்த 29 பேரில் ஒருவரேனும் உயிர்தப்பவில்லை, உடல்களும் மீட்கப்படவில்லை. அபாய அழைப்பு எதுவும் விடுக்கப்படாமலே கப்பல் மறைந்தமையால், இறுதிக் கணங்களில் நிகழ்ந்தது யாதெனக் கூறச் சாட்சிகள் இலர்.

இவ்வெற்றிடத்திலேதான் கனேடியப் பாடகர் கோர்டன் லைற்பூற்றின் பாடல் பிறந்தது. ‘நியூஸ்வீக்’ சஞ்சிகைக் கட்டுரையொன்றே அதற்குத் தூண்டுகோல். 1976 இல் ‘சமர்ரைம் ட்றீம்’ இசைத்தட்டில் வெளிவந்த அது, ஆறு நிமிடத்துக்கு மேல் நீள்வது, பல்லவியும் அற்றது. எனினும் கனடாவில் முதலிடத்தையும் அமெரிக்காவில் இரண்டாமிடத்தையும் எட்டியது.

1958 இல் மிச்சிகன் வாவியில் மூழ்கிய ‘கார்ல் டி. பிறட்லி’ கப்பலில் 33 பேர் இறந்தனர். இழப்பின் அளவில் அது பெரிது. ஆயினும் இன்று அதனை அறிந்தோர் மிகச் சிலரே. மக்கள் நினைவு மரண எண்ணிக்கையைப் பின்பற்றுவதன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

பாடல் வரலாற்றோடு முற்றிலும் பொருந்துவதன்று. கப்பல் கிளீவ்லன்ட் நகருக்குச் சென்றதாக அது கூறும்; உண்மையில் டெற்றோயிற் அருகிலுள்ள சக் தீவே அதன் இலக்கு. இது சிறு வழு. சரக்கறை வாயிலொன்று உடைந்ததாகக் கூறும் அடியோ அத்தகையதன்று. வாயில் மூடிகளைப் பூட்டுவது தளத்தொழிலாளரின் கடமை. ஆதலால், மறுத்துரைக்க இயலாத இறந்தோர்மீது அவ்வடி பழியின் சாயலைப் படியவைத்தது. மூடிகள் நீரைத் தடுக்கத் தவறின என 1977 இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் அறிக்கையும் கூறியது. கப்பல் நிறுவனங்களின் சங்கம் இதனை ஏற்காது, கரிபூ தீவருகே கப்பல் அடித்தட்டியிருக்கலாம் என வாதிட்டது. பிணக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

1995 இல் கப்பலின் மணி மீட்கப்பட்டு, இறந்தோரின் பெயர்கள் பொறித்த மாற்றுமணி அவர்தம் குடும்பத்தினரின் விருப்பப்படி வாவியடியில் வைக்கப்பட்டது. 2023 மே 1 இல் லைற்பூற் காலமானபோது, டெற்றோயிற் மாலுமிகள் தேவாலயத்தில் மணி 30 முறை ஒலித்தது: மாலுமிகளுக்கு 29, பாடகருக்கு ஒன்று.

சர்ச்சைக்குரிய அவ்வடியை 2010 முதல் மேடைகளில் அவரே மாற்றிப் பாடிவந்தார். தொழிலாளர் தவறு காரணமன்று எனக் கருதிய ஆவணப்படமொன்றே அவரை அதற்கு இட்டுச்சென்றது. இசைத்தட்டிலோ பழைய அடியே ஒலிக்கின்றது.