இறுக்கமா, நாக்கிங்கா? டர்போ இன்ஜினில் ஹெட் கேஸ்கட் பழுதின் காரணம் குறித்து

டர்போ பொருத்திய கார் இன்ஜினில் ஹெட் கேஸ்கட் போய்விட்டால் பட்டறையில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: பல அடுக்கு எஃகுக் கேஸ்கட்டைப் போடு, போல்ட்டுக்குப் பதில் உயர்ரக ஸ்டட்டை வைத்து இறுக்கு. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் 'கேஸ்கட் போச்சு' என்று ஒரே பெயரில் சொல்லப்படுவது குறைந்தது இரண்டு வேறு பழுதுகள் என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒன்று, ஹெட்டைப் பிளாக்கோடு அழுத்தும் விசை போதாமல் மெல்ல மெல்ல நேர்வது. மற்றது, சிலிண்டரில் எரிபொருள் கலவை தானே பற்றிக்கொள்ளும் நாக்கிங்கால் நேர்வது. முதலாவதற்கான வைத்தியத்தை இரண்டாவதற்குச் செய்தால் கேஸ்கட் பிழைத்துக்கொள்ளும், பிஸ்டன் உடையும்.

இதற்கு நல்ல சான்று, 1986-இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா சுப்ராவின் 7எம்-ஜிடிஇ இன்ஜின். ஆறு சிலிண்டர் வரிசை, 2,954 சி.சி., வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், 83 மி.மீ. துளை விட்டம், 8.4:1 அழுத்த விகிதம். பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) ஒருமுறைகூட ஏற்றாமல், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஓட்டப்பட்ட வண்டிகளிலும் இதன் ஹெட் கேஸ்கட் போனது. பழியை டர்போ மீது போடுவது எளிது. ஆனால் டர்போ இல்லாத இதன் உடன்பிறப்பு 7எம்-ஜிஇ இன்ஜினுக்கும் இதே கதிதான். மேலும், ஜிடிஇ-யில் நாக் சென்சார் உண்டு. நாக்கிங் கேட்டதும் இக்னிஷன் நேரத்தைப் பின்தள்ளும் ஏற்பாடும் உண்டு. ஆகவே இங்கே குற்றவாளி இறுக்கக் குறைவே. போல்ட்டுக்கு டொயோட்டா விதித்த முறுக்கு 58 அடி-பவுண்டு, அதாவது 78 நியூட்டன் மீட்டர். பழுது பார்த்தவர்கள் அதை 72 அடி-பவுண்டுக்கு (98 நியூட்டன் மீட்டர்) உயர்த்தினார்கள். தொல்லை பெருமளவு குறைந்தது.

இந்த வெற்றிதான், கூட்டி இறுக்கினாலே போதும் என்ற தவறான முடிவுக்கும் வழிவிட்டது. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 83 மி.மீ. துளையின் பரப்பு சுமார் 54 சதுர செ.மீ. எரிப்பின் உச்ச அழுத்தம் 80 பார் என்று கொண்டால் ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ 43 கிலோநியூட்டன். 14 போல்ட்டுகள் ஆறு சிலிண்டருக்குப் பங்கானால் ஒன்றுக்கு 2.33. போல்ட் 12 மி.மீ. என்றும் முறுக்கை இழுவிசையாக மாற்றும் கெழு (K) வழக்கமான 0.2 என்றும் வைத்துக்கொண்டால், 78 நியூட்டன் மீட்டர் முறுக்கு ஒரு சிலிண்டருக்குச் சுமார் 76 கிலோநியூட்டன் அழுத்தம் தரும். 98 தந்தால் அது 95 ஆகும். அதாவது கேஸ்கட்டை அமுக்க மிஞ்சும் விசை 33-லிருந்து 52-க்கு உயர்கிறது. இப்போது பூஸ்ட்டை ஏற்றி நாக்கிங் வரவிட்டு, உச்ச அழுத்தம் 120 பாரைத் தொடட்டும். தள்ளும் விசை 65 ஆகிறது, மிச்சம் 30. கூட்டி இறுக்கியதால் கிடைத்த ஆதாயம் முழுவதும் போய், பழைய நிலைக்கும் கீழே வந்துவிட்டோம். ஹெட்டின் வளைவையும் போல்ட்டின் நெகிழ்வையும் சேர்க்காத எளிய கணக்குதான் இது. ஆனாலும் எது எதைத் தின்கிறது என்பதைக் காட்டப் போதும்.

நாக்கிங்கின் தீங்கு உச்ச அழுத்தத்தோடு முடிவதில்லை. மூலையில் தேங்கிய கலவை தானே பற்றிக்கொள்ளும்போது அழுத்த அலைகள் சிலிண்டருக்குள் சுவருக்குச் சுவர் மோதுகின்றன. இந்த அளவு துளையில் வினாடிக்கு ஆறு, ஏழாயிரம் முறை. சுவரை ஒட்டியிருந்து வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய வாயுப் படலம் அதில் கலைந்துபோகிறது. கேஸ்கட்டில் சிலிண்டர் துளையைச் சுற்றி அடைக்கும் தீ வளையம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

கழற்றிய கேஸ்கட்டைக் குப்பையில் போடுமுன் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. இறுக்கம் போதாமல் போனதில் தீ வளையம் பெரும்பாலும் முழுதாக இருக்கும். அதைத் தாண்டி, இரண்டு சிலிண்டருக்கு நடுவிலோ தண்ணீர்த் துளையை நோக்கியோ, அகலமான கரித்தடம் படர்ந்திருக்கும். நாக்கிங்கால் போனதில் வளையம் நசுங்கியோ கிழிந்தோ வெளிப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும். அதே சிலிண்டரின் பிஸ்டன் விளிம்பு மணல் அடித்தது போலப் பொரிந்திருக்கும். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போன்ற புள்ளிகள், அலுமினியத் துணுக்குகளும் கூட, ஒட்டியிருக்கும். இந்த இரண்டாம் வகை அடையாளங்களைக் கண்ட பிறகும் ஸ்டட் வாங்கக் கிளம்புவது வீண்செலவு. நாக்கிங்கைத் தாங்கும் அளவுக்குக் கேஸ்கட்டைப் பலப்படுத்தினால் அடுத்து உடைவது பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய தளம்.

நாக்கிங்கின் வேர் பெரும்பாலும் உள்ளே வரும் காற்றின் சூட்டில் இருக்கிறது. 30 டிகிரிக் காற்றை 1.8 மடங்கு அமுக்கினால், கம்ப்ரசரின் திறன் 70 விழுக்காடு என்ற கணக்கில், அது 109 டிகிரியை எட்டும். இன்டர்கூலர் ஆடம்பரமல்ல என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஓல்ட்ஸ்மொபைல் 1962-இல் ஜெட்ஃபயர் காரில் இன்டர்கூலர் இல்லாமல், 10.25:1 என்ற துணிச்சலான அழுத்த விகிதத்தில் டர்போவை வைத்தது. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தது. திரவத் தொட்டியை நிரப்பும் பொறுமை வாடிக்கையாளர்களுக்கு இல்லை. இருபது ஆண்டு கழித்து ஸாப் நிறுவனம் தன் ஏபிசி அமைப்பில் நாக்கிங்கைக் கேட்டுப் பூஸ்ட்டையே குறைக்கும் வழியைக் கண்டது. ஓட்டுநரின் பொறுமையையோ பெட்ரோல் தரத்தையோ நம்பாத அந்த வழிதான் கேஸ்கட்டுக்கு உண்மையான காவல் என்பது என் கருத்து.

இறுக்கத்தின் பக்கம் திரும்பினால், அங்கும் முறுக்கு எண்ணை மட்டும் நம்ப முடியாது. டார்க் ரெஞ்ச்சில் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி போல்ட் தலையின் அடியிலும் நாற்பது விழுக்காடு மரையிலும் உராய்வாகவே போகிறது. போல்ட்டை இழுத்து நீட்டுவது மீதிப் பத்துதான். மரையில் துரு இருந்தால் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும், போல்ட் இறுகியிருக்காது. அடி மூடிய துளையில் எண்ணெய் தேங்கியிருந்தாலும் அப்படித்தான். இன்னும் மோசம், பிளாக்கே விரிசல் காணலாம். எஃகுக் கேஸ்கட் போடுவதானால் ஹெட், பிளாக் இரண்டின் பரப்பும் 0.8 மைக்ரான் அளவு வழவழப்பாக இருக்க வேண்டும். பழைய இழைக் கேஸ்கட் சொரசொரப்பை விழுங்கிக்கொள்ளும், இது விழுங்காது. நார் டிஸ்க்கைச் சுழற்றிப் பரப்பைப் 'பளபள'வென்று ஆக்குகிறவர்கள் அலுமினியத்தில் குழி தோண்டுகிறார்கள். அதன் தூள் பேரிங்குக்கும் போகிறது.

வெப்பம் இரண்டு பழுதுக்கும் துணைபோவது. அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். 600 மி.மீ. நீள ஹெட் 80 டிகிரி சூடேறினால், கட்டுப்பாடில்லாத நிலையில், பிளாக்கைவிட அரை மி.மீட்டருக்கு மேல் கூடுதலாக நீளப் பார்க்கும். ஒவ்வொரு சூடேற்றத்திலும் கேஸ்கட் இந்த இழுபறிக்கு நடுவில் தேய்கிறது. வலுவிழந்த ரேடியேட்டர் மூடியும் சாதாரண விஷயமல்ல: பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை, மூடி ஒரு பார் அழுத்தம் பிடித்தால் கிட்டத்தட்ட 129 டிகிரி வரை கொதிக்காது; பிடிக்காவிட்டால் 107-லேயே கொதிக்கத் தொடங்கும்.

கடைசியாக, தடிமனான கேஸ்கட் போட்டு அழுத்த விகிதத்தைக் குறைத்து நாக்கிங்கைத் தவிர்க்கலாம் என்ற யோசனை. 7எம்-மில் 1 மி.மீ. தடிமன் கூட்டினால் சிலிண்டருக்கு 5.4 சி.சி. இடம் கூடி, விகிதம் 8.4-இலிருந்து 7.8-க்கு இறங்கும். லாபம் போலத் தெரிகிறது. ஆனால் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டின் ஓரத்தில் கலவையை நசுக்கி நடுவுக்குத் தள்ளும் இடுக்கு அதே 1 மி.மீ. அகன்றுவிடுகிறது. கலவையின் கொந்தளிப்பு குறைந்து, எரிப்பு மந்தமாகி, ஓரத்தில் தேங்கும் கலவைக்குத் தானே பற்றிக்கொள்ள அவகாசம் கூடுகிறது. விகிதத்தைக் குறைத்தே தீர வேண்டுமென்றால், அந்த இடுக்கைக் குலைக்காமல் பிஸ்டன் தலையின் நடுக்குழியை ஆழப்படுத்தித்தான் செய்ய வேண்டும்.