உள்ளே வேகாத பிரேக்

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், கணவர் செய்த மோட்டார் வண்டியில் இரண்டு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, வழியில் ஒரு செருப்புத் தைப்பவரைப் பிடித்து அதன்மேல் தோல் அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங்கின் கதையை அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

தோல் கருகியது. 1897இல் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் தொடங்கிய ஃபெரோடோ, பசையில் ஊறிய பருத்தியைக் கொண்டுவந்தது. அதுவும் பெரிய சூட்டுக்கு நிற்கவில்லை. அடுத்து வந்த ஆஸ்பெஸ்டாஸ் சூட்டைத் தாங்கியது. அதன் தூசு தொழிலாளிகளின் நுரையீரலைத் தின்றது. பிறகு நார்கள் மாறின. எல்லாவற்றையும் பிடித்து வைக்கும் ஃபீனாலிக் ரெசின் மட்டும் பெரும்பாலும் மாறவில்லை. 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்கலைட்டின் வம்சம் அது.

எங்கள் ஊர் ஜவளகிரி. யானைக்காடு. 1980 வாக்கில் ஓசூரில் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் உருவாகத் தொடங்கிய பிறகு, எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு ஷிப்ட் என்ற சொல் பழகிவிட்டது. நானும் ஒரு சின்ன லைனிங் பட்டறையில் ஓவன் பார்த்தேன்.

பொடிக் கலவையை 150 டிகிரி அளவில் அச்சில் அழுத்துவோம். நடுநடுவே அச்சைத் திறந்து வாயுவை வெளியேற்ற வேண்டும். பிறகு ஓவனில் படிப்படியாகச் சூடேற்றி, 180 டிகிரிக்குப் பக்கத்தில் பல மணி நேரம் வைப்போம். அவசரமாக ஏற்றினால் கொப்புளம், விரிசல். ரொம்ப வெந்தால் ரெசின் நொறுங்கும்.

"மேல கல்லு மாதிரி இருக்கேண்ணே, எடுத்துடலாமா?" என்று முதல் வாரம் கேட்டேன்.

"இட்லின்னா குத்திப் பாக்கலாம். இத எப்படிப்பா பாப்ப?" என்றார் மூத்தவர்.

சரியாக வேகாத லைனிங், மிச்ச வாயுவை மலை இறக்கத்தில்தான் வெளியே விடும். அது லைனிங்குக்கும் டிரம்முக்கும் நடுவே மெல்லிய படலமாகப் புகுந்துகொள்ளும். டிரைவர் பெடலை அமுக்குவார். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்தால், நியூட்ரலில் இறக்கினாரா என்று கேட்போம். கேட்க வேண்டிய கேள்விதான். லைனிங் எத்தனை மணி நேரம் வெந்தது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு ராத்திரி ஆர்டர் அவசரம். இரண்டு மணி நேரம் முன்னாடியே ஓவனைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தேன். நோட்டில் முழு நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அந்த லாட் எந்த வண்டிக்குப் போனதோ. இன்றும் சேலம் பஸ் தொப்பூரில் இறங்கும்போது ஜன்னலைத் திறந்து, கருகிய வாடை வருகிறதா என்று பார்ப்பேன்.